சின்னத்திரையில் ஓர் ஆற்றுப்படை

பிறர் உண்பதைக் கண்டு மகிழ்தல் மனித இயல்புக்கு மாறானது போலத் தோன்றும். பசித்தவன் முன் ஒருவன் இலை போட்டு உண்டால், பசித்தவனுக்குப் பிறப்பது ஏக்கமோ வெகுளியோ ஆகுமேயன்றி மகிழ்ச்சி ஆகாது. வயிறு நிறைந்தவனுக்கோ பிறன் இலையில் இருப்பது ஒரு பொருட்டே அன்று. அவ்வாறிருக்க, சமைப்பதும் உண்பதுமே பொருளாக அமைந்த தொலைக்காட்சித் தொடர்களை உலகெங்கும் மக்கள் மணிக்கணக்காக அமர்ந்து காண்பதன் காரணம் யாது?

இவ்வினாவை எழுப்புதற்குப் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரினும் பொருத்தமான இடம் அரிது. சூலியா தெருவிலும் பினாங்கு வீதியிலும் இருள் கவியும் வேளையில் குழம்பின் மணமும் வாணலியின் ஓசையும் எழுகின்றன. வாயிலைக் கடந்தால் நாசி கண்டார், சற்று நடந்தால் மீ கோரிங், தெருமுனையில் லக்சா. இத்தகைய ஊரில், வீட்டின் கூடத்தில் அமர்ந்த ஒரு குடும்பம், தான் ஒருநாளும் உண்ணாத, உண்ணவும் எண்ணாத இத்தாலிய உணவைத் திரையில் கண்டு களிக்கின்றது. அக்குடும்பம் தமிழ் முஸ்லிம் குடும்பமாயின், திரையில் வதங்கும் பன்றிக் கன்னத்து இறைச்சி அவர்களுக்கு விலக்கப்பட்ட உணவு. சைவ உணவினராயின் திரையில் தோன்றுவதில் பாதி அவர்க்கு ஆகாது. இருந்தும் மகிழ்ச்சி குறைவதில்லை. ஆகவே, காண்போர் பெறும் இன்பம் நாவின் விருப்பத்தினின்று வேறானது என்பது முதற்கண் தெளிவாகின்றது.

எடுத்துக்கொண்ட தொடர், அமெரிக்க நடிகர் ஸ்டான்லி டூச்சி இத்தாலியின் பல பகுதிகளுக்கும் சென்று உணவைத் தேடிய 'சர்ச்சிங் ஃபார் இட்டலி' என்பதாகும். சி.என்.என். நிறுவனம் இதனை 2021 பிப்ரவரியில் ஒளிபரப்பத் தொடங்கியது. முதற் பருவத்தின் ஆறு பகுதிகள் நேப்பிள்ஸ், உரோம், பொலோனியா, மிலான், தஸ்கனி, சிசிலி ஆகியவற்றைக் காட்டின. 2022-இல் வந்த இரண்டாம் பருவம் வெனிஸ், பியட்மாண்ட், உம்ப்ரியா, கலாப்ரியா, சார்டினியா முதலிய இடங்களுக்குச் சென்றது. இலண்டனில் வாழும் இத்தாலியரின் உணவுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியது. அந்நிறுவனம் இத்தகைய தொடர்களை 2022-இன் இறுதியில் கைவிட்டபின், வேறொரு நிறுவனத்தின் வாயிலாக 2025-இல் டூச்சி மீண்டும் இத்தாலிக்குச் சென்றார்.

உரோமைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோர் இத்தொடரின் இயல்பை எளிதில் உணர்வர். அந்நகரின் பெயர்பெற்ற நான்கு பாஸ்தா வகைகளைச் சுற்றி அப்பகுதி அமைந்துள்ளது. நான்கினுக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி பொதுவானது. மிளகு மட்டும் சேர்ந்தால் ஒரு பெயர். அதனோடு பன்றிக் கன்னத்து இறைச்சி சேர்ந்தால் இன்னொரு பெயர். தக்காளி சேரும்போது அமட்ரிச்சானா. தக்காளிக்கு மாறாக முட்டை சேரும்போது கார்பொனாரா. ஒரே அடிச்சொல்லில் விகுதிகள் மாறி நான்கு சொற்கள் பிறப்பதைப் போன்றது இது. தமிழாசிரியர் ஒருவர்க்கு இதனைக் காணும்போது பகுபத உறுப்பிலக்கணம் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. தொன்மை வாய்ந்தது என உரோமர் போற்றும் கார்பொனாரா இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட சமையல் நூல்களில் காணப்படாத ஒன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். தொன்மை என்பது பல வேளைகளில் நாவின் நம்பிக்கையே தவிர வரலாறு அன்று.

இனி, காண்போர் பெறும் அவ்வின்பம் யாது? நாவால் அறிவதற்கும் கலையால் உணர்வதற்கும் சுவை என்னும் ஒரு சொல்லையே தமிழர் வழங்கினர். நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியத்துக்கு உரை கண்டோர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் புலப்படும் மாற்றம் என இந்நிகழ்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினர். மற்றொரு நுட்பமான வினாவையும் அவ்வுரைமரபு எழுப்பியது. அஞ்சி நடுங்குபவன் ஒருவனைக் காண்பவனுக்குத் தோன்றுவது அச்சமா? அன்று, இரக்கமோ நகைப்போ தோன்றலாம், அச்சம் தோன்றாது. அவ்வாறே, உண்பவனைக் காண்பவனுக்குக் கிடைப்பது உண்பவனின் சுவை அன்று. வேறொன்று கிடைக்கின்றது. அந்த வேறொன்றைக் கொடுக்கத் தெரிந்த தொடர் நல்ல தொடர். நாவூறச் செய்வதோடு நின்றுவிடுவது விளம்பரம்.

அந்த வேறொன்றைத் தமிழிலக்கியம் ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்திருந்தது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனிடம், இவ்வழியே செல்க, இன்னாரிடம் இன்ன உணவு கிடைக்கும் என்று கூறுவதே அவற்றின் அமைப்பு. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் வழி நெடுகிலும் உணவு மாறுகின்றது. எயினர் குடியிருப்பில் நிலத்தைக் கிளறி எடுத்த புல்லரிசிச் சோறும் உலர்ந்த இறைச்சியும் உண்டு. ஆயர் பாலும் தினைச்சோறும் தருவர். உழவர் வெண்சோறும் கோழிப் பொரியலும் தருவர். வலைஞர் கள்ளும் மீனும் தருவர். அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வேகவைத்த மாதுளங்காயும் மாவடுவும் கிடைக்கும். நிலம் மாறத் தொழில் மாறுகின்றது. தொழில் மாற உணவு மாறுகின்றது. உணவைக் கருப்பொருளுள் ஒன்றாக எண்ணிய மரபுக்கு இது இயல்பான பார்வை.

டூச்சியின் தொடர் தன்னை அறியாமலேயே இவ்வகையைச் சேர்ந்தது. தென்பகுதியின் கடலோரத்தில் கதிரவன் காய்ச்சிய தக்காளியும் மீனும். வடக்கே மிலானில் நெல்வயல்கள் தந்த அரிசியும் வெண்ணெயும் குங்குமப்பூவும். நடுவே பொலோனியாவில் பன்றித் தொடையும் நெடுநாள் முதிர்ந்த பாலாடைக்கட்டியும். இத்தாலிய உணவு என்று ஒன்று இல்லை, ஊருணவுகளே உள்ளன என்பதைத் தொடர் திரும்பத் திரும்ப நிறுவுகின்றது. 1861-இல் ஒரு நாடாக இணைந்த இத்தாலிக்கு, 1891-இல் பெல்லெக்ரீனோ அர்தூசி எழுதிய சமையல் நூல் ஒரு பொதுச் சமையலறையை அமைக்க முயன்றது. பல வட்டாரங்களின் சமையலை ஒரே மொழிநடையில் தொகுத்த அந்நூல் இன்றும் பதிப்பிக்கப்படுகின்றது. ஆயினும் நூற்றாண்டு கடந்தும் நேப்பிள்ஸ் நேப்பிள்ஸாகவே சமைக்கின்றது.

முதற் பகுதியில் வரும் ஒரு காட்சி தனித்து எண்ணத்தக்கது. அமால்ஃபி கரையை அடுத்த நெரானோ என்னும் சிற்றூரில் டூச்சியும் அவர் மனைவியும் ஒரு பாஸ்தாவை உண்கின்றனர். அதிலுள்ள காய் சுக்கினி எனப்படும் பூசணி இனத்துப் பிஞ்சு. வட்டமாக அரிந்து பொரித்து, ஆறவிட்டு, பின் பாலாடைக்கட்டியோடும் துளசியை ஒத்த தழையோடும் பிசைவர். அரசவை உணவன்று, அருங்கறியுமன்று. விலை மலிந்த ஒரு காய். அதனை உண்ணும்போது அவர் முகத்தில் தோன்றும் மாற்றமே காட்சியின் உயிர். காண்போர் காண்பது காயை அன்று. ஒரு மனிதன் நன்றியுணர்வுக்கு உள்ளாவதைக் காண்கின்றனர்.

அந்நன்றிக்குக் காரணம் உண்டு; தொடரினுள் அது பேசப்படாவிடினும் பின்னர் வெளியாயிற்று. 2017-இல் டூச்சிக்கு அடிநாக்கில் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சினாலும் மருந்தினாலும் நோய் நீங்கியது. ஆயினும் பல மாதங்கள் குழாய் வழியாகவே உணவு கொடுக்கப்பட்டது. சுவையும் மணமும் அவரை விட்டு அகன்றிருந்தன. தொடர் படமாக்கப்பட்ட காலத்தில் சுவை மீண்டிருந்தும் சில உணவுகளை விழுங்குவது எளிதாக இருக்கவில்லை என்று அவரே கூறியிருக்கின்றார். பரிசில் பெற்ற பாணன் நேற்றுவரை பட்டினி கிடந்தவன். அதனால்தான் அவன் சொல்லை எதிர்வரும் பாணன் நம்புகின்றான். உண்டு கொழுத்த ஒருவன் உணவைப் பாராட்டினால் அது வெறும் பாராட்டு. இழந்து பெற்றவன் பாராட்டினால் அதில் ஒரு சான்று இருக்கின்றது.

தொடர் வெளிவந்த வேளையும் காண்போரை ஒருவகைப் பசிக்கு ஆளாக்கியிருந்தது. கொள்ளைநோய் காரணமாக மலேசியாவில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. 2021 சனவரியில் பினாங்கு மீண்டும் அதே ஆணையின் கீழ் வந்தது. கடைகளில் அமர்ந்து உண்ணத் தடை இருந்த வாரங்களில் உணவு பொட்டலமாக வீட்டுக்கு வந்தது. சோறு குறையவில்லை, எதிரில் அமர்ந்து உண்ணும் துணை குறைந்தது. ஒரு மேசையைச் சுற்றிப் பலர் அமர்ந்து கை நீட்டி உண்ணும் காட்சி அந்நாளில் தந்த இன்பம் இத்தாலியைப் பற்றியதே அன்று.

பசியோடு இத்தொடர் நெருங்கி வரும் இடங்களிலெல்லாம் அது உயர்கின்றது. தஸ்கனி மக்களின் சமையலில் எஞ்சிய காய்ந்த ரொட்டிக்குப் பெரிய இடம் உண்டு. நேற்றைய காய்ச்சாற்றில் அதனை இட்டு மீண்டும் கொதிக்க வைத்து உண்பர்; மீண்டும் கொதித்தது என்பதே அவ்வுணவின் பெயர். பழஞ்சோற்றை வீணாக்காத தமிழர்க்கு இதன் பொருள் விளக்க வேண்டுவதில்லை. உரோம் நகரின் இறைச்சிக் கூடத்துத் தொழிலாளர்க்கு நல்ல தசைப்பகுதிகள் கிட்டவில்லை. குடலும் ஈரலும் வாலும் கிட்டின. அவற்றைக் கொண்டு அவர்கள் ஆக்கிய உணவுக்கு ஐந்தாம் காற்பகுதி என்று பெயர். நான்கு காற்பகுதிகளும் பிறர்க்குப் போனபின் எஞ்சியது என்னும் கசப்பான நகைச்சுவை அப்பெயரில் உறைந்திருக்கின்றது. ஏழைகளின் சமையல் என்று இத்தாலியர் பெருமையோடு சொல்வது இத்தகையனவற்றைத்தான்.

கலாப்ரியாவைப் பற்றிய பகுதி இவ்வகையில் சிறந்தது. டூச்சியின் முன்னோர் தந்தைவழியிலும் தாய்வழியிலும் அம்மண்ணிலிருந்து அமெரிக்கா சென்றவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் முதலாம் உலகப் போர் வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட இத்தாலியர் வேலை தேடி நாட்டைவிட்டு வெளியேறினர். தம் முதிய பெற்றோரை உடனழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் செல்லும் மகனைக் காணும் பினாங்குத் தமிழர்க்குத் தம் பாட்டனாரின் ஊர்ப்பெயர் நினைவுக்கு வராமல் போகாது. கலாப்ரியர் மிளகாயின்றி உண்ணார். இறைச்சியை மிளகாயோடு அரைத்துச் சிவந்த குழைவாக்கி ரொட்டியில் தடவி உண்பர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சங்கச் சமையலில் மிளகு மட்டுமே உண்டு. எங்கிருந்தோ வந்ததைத் தம் பிறப்புரிமையாகவே கொண்டுவிட்ட இரு மக்கள் கூட்டத்தார் திரையின் இருபுறத்தும் ஒருவரையொருவர் அடையாளம் காண்கின்றனர்.

குறைகளும் உள. வியப்புச் சொற்கள் வரம்பின்றி வருகின்றன. கண்ணை மூடித் தலையை அசைத்து இறைவனை அழைக்கும் அதே முகபாவம் நெரானோவில் உண்மையாக இருந்தது. அடுத்தடுத்த பகுதிகளில் பழக்கமாகிவிட்டது. குறை கூறுவது அரிது. எல்லாம் சுவையாக இருக்குமாயின் சுவை என்னும் சொல்லுக்கே பொருள் இல்லை. வேம்பு இருப்பதனால்தான் கரும்பு இனிக்கின்றது. இரண்டாம் பருவத்தில் அழகிய தோட்டங்களும் வெண்துணி விரித்த மேசைகளும் மிகுந்து, உணவை விளைத்தவர்களும் சுமந்தவர்களும் சுருங்கிப்போயினர். டூச்சி 1996-இல் காம்ப்பெல் ஸ்காட் என்பாரோடு இணைந்து இயக்கி நடித்த 'பிக் நைட்' என்னும் திரைப்படத்தின் இறுதியில், நொடித்துப்போன உணவகத்தின் சமையலறையில் முட்டை பொரித்துச் சகோதரர் இருவரும் பணியாளும் பேச்சின்றி உண்பர். அச்சில நிமிடங்களில் இருந்த அடக்கத்தைத் தொடரில் தேடவேண்டியிருக்கின்றது.

இவ்வகைத் தொடர்களுக்கு முன்னோடியாக இத்தாலியிலேயே ஒன்று இருந்தது. எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான மாரியோ சோல்டாட்டி, போ ஆற்றின் சமவெளி வழியே கலப்பற்ற உணவைத் தேடிச் சென்ற பயணத்தை இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி 1957-58-இல் ஒளிபரப்பியது. அந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கி நான்காண்டுகளே ஆகியிருந்தன. படம் கறுப்பு வெள்ளை. தக்காளியின் சிவப்பும் குங்குமப்பூவின் பொன்னிறமும் அங்கே உதவிக்கு வரவில்லை. மக்களின் பேச்சே உணவின் நிறத்தைத் தரவேண்டியிருந்தது. ஆலை உணவு பரவத் தொடங்கிய காலத்தில் எது மறைகின்றது என்னும் கவலை அப்பயணத்துக்குப் பின்னணியாக இருந்தது. ஓர் எழுத்தாளர் இப்பணியை முதலில் மேற்கொண்டார் என்பது தமிழ் எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

ஏனெனில் பினாங்கின் உணவும் படமெடுக்கப்படாமல் இல்லை. மலேசியத் தொலைக்காட்சியின் உணவு நிகழ்ச்சிகள் இத்தீவைச் சுற்றிச் சுற்றி வந்துள்ளன. ஆந்தனி போர்டேனின் 'நோ ரிசர்வேஷன்ஸ்' 2012-இல் பினாங்குக்கு ஒரு பகுதியை ஒதுக்கியது. 2008 சூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டபின் படக்கருவிகள் மேலும் பெருகின. இவற்றுள் பெரும்பாலானவை நாசி கண்டாரை ஒரே வகையாகக் காட்டுகின்றன: குவிந்த சோறு; அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றப்படும் குழம்புகள்; வெள்ளம் என்று பொருள்படும் பஞ்சிர் என்னும் மலாய்ச் சொல்லைக் கூறிப் புன்னகைக்கும் வாடிக்கையாளர்; நெருங்கிக் காட்டப்படும் மீன்தலை. நாவூறுகின்றது. அதற்குமேல் ஒன்றும் நிகழ்வதில்லை.

கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு. தமிழர்க்கு அது காவடித்தண்டு. கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரக் கரையோர ஊர்களிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள், ஒருபுறம் சோற்றையும் மறுபுறம் குழம்பையும் தொங்கவிட்டு அத்தண்டைத் தோளில் ஏற்றித் தெருத்தெருவாக நடந்தனர். வெல்டு கீ துறைமுகக் கரையில் மூட்டை சுமந்த தொழிலாளர்கள் அவர்களிடம் வாங்கி உண்டனர். சுமப்பவனுக்குச் சுமப்பவன் சோறு விற்றான். பல குழம்புகளைக் கலந்து ஊற்றும் வழக்கத்தைத் துறைமுகத்தில் விரைந்து உண்டு வேலைக்குத் திரும்பவேண்டிய வயிறுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அவ்வெள்ளத்துக்கு வேறு பொருள் கிடைக்கின்றது. காம்ப்பெல் தெருவில் 1907 முதல் நடைபெற்றுவருவதாகக் கூறப்படும் ஹமீதியா உணவகம் போன்றவை இவ்வரலாற்றின் இன்றைய முகங்கள். உரோமரின் ஐந்தாம் காற்பகுதிக்கு எவ்வகையிலும் குறையாத கதை இது. ஆற்றுப்படுத்துவார் ஒருவர் இன்னும் அதற்கு வாய்க்கவில்லை.

சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் மருதநிலத்து வெண்சோற்றையும் நண்டுக் கறியையும் பாடுமுன்போ பின்போ ஒன்றை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நல்லியக்கோடனைக் காணும் முன் பாணனின் வீடு எவ்வாறு இருந்தது என்பதையும் அவர் சொல்கின்றார். கூரை இடிந்த அடுக்களை. அண்மையில் குட்டி ஈன்ற நாய் அங்கே கிடக்கின்றது. பசியால் இளைத்த பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கின்றாள். அயலார் கண்டு இகழ்வரே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கின்றாள். பாட்டில் வரும் விருந்துகள் அனைத்தும் அந்த அடைத்த கதவுக்கு எதிரே வைக்கப்பட்டுள்ளன. வகுப்பறையில் இந்நூல் தேர்வுக்குரிய வினாவாகவும் அடியெண்ணிக்கையாகவும் முடிந்துவிடுகின்றது; அதே மாணவர் வீடு திரும்பி அதன் இன்றைய வடிவத்தைத் திரையில் விரும்பிக் காண்கின்றனர். இரண்டையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்கத் துணியும் ஆசிரியர், தஸ்கனியின் காய்ந்த ரொட்டியிலிருந்து தொடங்கலாம். வெல்டு கீயில் தண்டு சுமந்தவனின் தோளிலிருந்தும் தொடங்கலாம்.